ஃப்ளோரிடா கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகுமுன்: சுறா ஆபத்தை எடைபோடுவது எப்படி?

ஆர்லாண்டோவுக்கு வரும் நம் ஆட்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். டிஸ்னி, யூனிவர்சல், கென்னடி ஸ்பேஸ் சென்டர், கடைசியில் "பசங்களுக்கு பீச் காட்டலாம்" என்று ஒரு நாள். அந்தக் கடைசி நாளைப் பற்றித் தேட ஆரம்பித்ததும் சுறா வந்துவிடும். உலகிலேயே அதிகம் பேரைச் சுறா கடிக்கும் பகுதி, ஆர்லாண்டோவிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் நியூ ஸ்மிர்னா பீச் என்று யாராவது ஒரு செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ஒருவர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பார். இன்னொருவர் "பேசாம வாடகை வீட்டுல இருக்கிற ஸ்விம்மிங் பூல் போதும்" என்பார். இரண்டுமே யோசித்துச் சொன்ன பதில் இல்லை. இரண்டாவது பதிலில் சுறாவைவிடப் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இது மத்திய ஃப்ளோரிடாவை மனதில் வைத்து எழுதியது. எடைபோடும் முறை எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும், எண்கள் பொருந்தாது. வெள்ளைச் சுறா திரியும் ஆஸ்திரேலியாவின் தென்கரைக்கோ, புலிச் சுறா திரியும் ஹவாய்க்கோ போகிறவர்கள் அந்தந்த ஊர்க் கணக்கைத் தேடிப் படிக்க வேண்டும்.

1. எண்ணைப் படிக்கும் முறை

சுறாக் கணக்குக்கு நம்பகமான இடம் ஒன்று உண்டு. கெய்ன்ஸ்வில்லில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், உலகம் முழுக்க நடக்கும் சுறாக் கடிகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அதன் அறிக்கை இலவசமாக இணையத்தில் வரும். அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது மனிதர் சீண்டாமல் நடந்த கடிகளின் எண்ணிக்கை. தூண்டிலில் சிக்கிய சுறாவைக் கழற்றப் போய்க் கடி வாங்கியவர், சுறாவுக்கு இரை கொடுக்கப் போனவர் எல்லாம் தனிக் கணக்கு. குழந்தையோடு அலையில் நிற்கும் உங்களுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை.

2023-இல் உலகம் முழுவதும் சீண்டாமல் நடந்த கடிகள் 69, அவற்றில் மரணம் 10. 2024-இல் கடி 47, மரணம் 4. ஃப்ளோரிடாவில் மட்டும் 2023-இல் 16, 2024-இல் 14. இரண்டு ஆண்டுகளிலும் அதில் தலா 8 கடிகள் நியூ ஸ்மிர்னாவும் டேடோனாவும் இருக்கும் வொலூஷியா கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) நடந்தவை. ஃப்ளோரிடாவில் இந்த இரண்டு ஆண்டுகளிலும் இப்படி யாரும் சாகவில்லை.

69 எப்படி 47 ஆனது என்று காரணம் தேடாதீர்கள். இவ்வளவு சிறிய எண்கள் ஆண்டுக்கு ஆண்டு தானாகவே ஏறி இறங்கும். அதேபோல, ஒரே வாரத்தில் மூன்று செய்தி வந்தால் சுறாக்கள் வெறிகொண்டுவிட்டன என்றும் அர்த்தமில்லை. இதற்கு நல்ல உதாரணம் 2001. அந்த ஜூலையில் ஃப்ளோரிடாவின் பென்சகோலா அருகே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கையைச் சுறா துண்டித்தது. அவனுடைய மாமா அந்தச் சுறாவைக் கரைக்கு இழுத்துப் போட்டார், மருத்துவர்கள் கையைத் திரும்ப ஒட்டவைத்தார்கள். நாடே அதைப் பார்த்தது. டைம் பத்திரிகை 'சுறாக்களின் கோடை' என்று அட்டைப்படம் போட்டது, செப்டம்பர் 11 வரை தொலைக்காட்சியில் இதே பேச்சு. ஆண்டு முடிந்து எண்ணிப் பார்த்தால் உலகில் மொத்தம் 76 கடி, 5 மரணம். அதற்கு முந்தைய 2000-இல் 85 கடி, 12 மரணம். அதற்கு எந்த அட்டைப்படமும் இல்லை.

மறுபக்கம், "சுறா கடிக்கும் வாய்ப்பு பல லட்சத்தில் ஒன்று, தேங்காய் தலையில் விழுந்து வருஷத்துக்கு 150 பேர் சாகிறார்கள்" என்று வரும் மீம்களையும் நம்பாதீர்கள். அந்தத் தேங்காய்க் கணக்குக்கு எந்த ஆதாரமும் கிடையாது. தென்னந்தோப்பில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். பல லட்சத்தில் ஒன்று என்ற எண்ணிலும் ஒரு கோளாறு இருக்கிறது. கடலையே பார்க்காத கான்சாஸ்காரரையும் சேர்த்து நாட்டின் மொத்த மக்கள்தொகையால் வகுத்து வருவது அது. கடலில் இறங்கப் போகிற உங்களுக்கு அது பொருந்தாது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: கடல் நீரில் இறங்குகிறவர்களில் யாருக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது கடி விழுகிறது? அந்த ஆட்களில் நாம் உண்டா?

2. யாரைக் கடிக்கிறது, ஏன் கடிக்கிறது

வொலூஷியாவில் கடி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அலைச்சறுக்கு வீரர்கள். காரணம் ஊரின் அமைப்பு. நியூ ஸ்மிர்னாவுக்கு வடக்கே பான்ஸ் இன்லெட் என்ற முகத்துவாரம் இருக்கிறது. உப்பங்கழியிலிருந்து நீர் அந்த வழியாகக் கடலுக்குப் போகும்போது சின்ன மீன்களையும் சேற்றையும் சேர்த்துக்கொண்டு போகும். மீன் இருக்கும் இடத்துக்குச் சுறா வரும். அதே முகத்துவாரத்தின் மணல்திட்டுகளால்தான் அங்கே நல்ல அலை எழுகிறது, அலைக்காகச் சறுக்கு வீரர்களும் வருகிறார்கள். கலங்கிய நீர், கூட்டமாக மீன், மேலே பலகையிலிருந்து தொங்கி ஆடும் கால்கள். மூன்றும் ஒரே இடத்தில்.

அங்கே கடிப்பவை பெரும்பாலும் பிளாக்டிப் என்னும் கருமுனைச் சுறாவும் ஸ்பின்னர் என்னும் சுறாவும். ஆள் உயரத்துக்குமேல் அதிகம் வளராதவை, சின்ன மீனை விழுங்கிப் பிழைப்பவை. கலங்கலில் வெளிறிய பாதம் பளிச்சென்று அசைந்தால் மீன் என்று நினைத்துக் கவ்வும், அது மீன் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டுப் போய்விடும். பாதத்திலோ கெண்டைக்காலிலோ தையல் போடும் அளவுக்குக் காயம். 'உலகின் சுறாக்கடித் தலைநகர்' என்று பெயர் வாங்கிய அந்தக் கவுண்டியில், பதிவேடு தொடங்கும் 1882-இலிருந்து 300-க்கும் மேற்பட்ட கடிகள் இருக்கின்றன. மரணம் ஒன்றுகூட இல்லை.

இத்தோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். ஃப்ளோரிடாவின் வடமேற்கில், மெக்ஸிகோ வளைகுடாப் பக்கம் கடிகள் குறைவு. ஆனால் நடந்தால் கடுமையாக நடக்கும். 2024 ஜூன் 7-ஆம் தேதி பிற்பகல், வால்டன் கவுண்டியில் சுமார் 90 நிமிட இடைவெளியில், நான்கு மைல் தள்ளித்தள்ளி இருக்கும் இரண்டு கடற்கரைகளில் மூன்று பேரைச் சுறா கடித்தது. ஒரு பெண்ணின் கை போனது. பதின்வயதுப் பெண் ஒருத்தி ஒரு கையையும் ஒரு காலையும் இழந்தாள். யாரும் சறுக்கு வீரர்கள் இல்லை. கடி வாங்கிய பதின்வயதினர் இருவரும் நின்றது இடுப்பளவு நீரில், மணல்திட்டுக்கு அருகே. அந்தப் பக்கத்துப் பெரிய கடிகளுக்கு வழக்கமாகக் காரணமாவது புல் ஷார்க் என்னும் காளைச் சுறா. தடித்த உடம்பு, கலங்கிய நீரிலும் ஆற்று நீரிலும்கூடத் திரியும்.

ஆகவே எடைபோடும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். எவ்வளவு அடிக்கடி நடக்கிறது? நடந்தால் எவ்வளவு மோசம்? வொலூஷியாவில் முதல் கேள்விக்குப் பதில் 'ஓரளவு அடிக்கடி', இரண்டாவதுக்கு 'பெரும்பாலும் தையல்'. வளைகுடாப் பக்கம் 'மிக அரிது', ஆனால் 'உயிரே போகலாம்'. செய்தித் தலைப்புகள் இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் நியூ ஸ்மிர்னா என்றதும் எல்லோருக்கும் உதறல் எடுக்கிறது. ஃப்ளோரிடா முழுவதையும் எடுத்தால், 1837 முதல் 900-க்கு மேற்பட்ட கடிகள், மரணங்கள் சுமார் ஒரு டஜன்.

3. கடற்கரையையும் மாதத்தையும் தேர்ந்தெடுங்கள்

ஆர்லாண்டோவிலிருந்து ஒரே நாளில் போய்வர வழக்கமாகப் பேசப்படுபவை நான்கு: கோகோ பீச், நியூ ஸ்மிர்னா, டேடோனா, மேற்கே கிளியர்வாட்டர். முதல் மூன்றும் அட்லாண்டிக், ஏறக்குறைய ஒரு மணி நேரம். கிளியர்வாட்டர் இரண்டு மணி நேரம், போக்குவரத்து நெரிசலில் அதற்கும் மேல்.

சுறாவை மட்டும் பார்த்தால் கிளியர்வாட்டர் ஜெயிக்கும். அந்தக் கவுண்டியில் கடிகள் மிகச் சொற்பம். அலையும் சின்னது, ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் அதுவே பெரிய காரணம். ஆனால் பயம் கடியைப் பற்றியது மட்டும் என்றால், அதற்காகப் போகவரச் சேர்த்து இரண்டு மணி நேரம் ஐ-4 நெடுஞ்சாலையில் கூடுதலாக ஓட்டுவது நல்ல பேரம் இல்லை. நாட்டின் மோசமான விபத்துச் சாலைகளில் ஒன்றாக அடிக்கடி பேர் வாங்கும் சாலை அது.

என்னைக் கேட்டால், எந்த ஊர் என்பதைவிட ஊருக்குள் எந்த இடம் என்பதுதான் முக்கியம். நியூ ஸ்மிர்னாவுக்கே போனாலும் முகத்துவாரத்தை விட்டுத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி, லைஃப்கார்டு கோபுரம் இருக்கும் இடமாகப் பார்த்து இறங்கினால் கணக்கே மாறிவிடும். மீன்பிடி மேடை இருக்கும் இடங்களிலும் இதேதான். கோகோ பீச்சிலும் கிளியர்வாட்டரிலும் அந்த மேடைதான் படம் எடுக்கும் இடம், ஆனால் அதன் மேல் நிற்பவர்கள் நாள் முழுக்க இரையைக் கடலில் போட்டுக்கொண்டிருப்பார்கள். படம் எடுத்துக்கொண்டு நன்றாகத் தள்ளிப் போய்க் குளியுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, இலையுதிர் காலம் தொடங்கும் செப்டம்பர், அக்டோபரில் மடவை மீன் கூட்டங்கூட்டமாகக் கரையோரமாகத் தெற்கே நகரும். நம்மூரில் முகத்துவாரத்தில் வலைவீசிப் பிடிப்பார்களே, அதே குடும்பத்து மீன். அதைத் துரத்திச் சுறா, டார்பன் என்னும் பெரிய மீன், பெலிக்கன் பறவை எல்லாம் கரையை ஒட்டி வரும். அந்த வாரங்களில் அட்லாண்டிக் பக்கம் போனால் கண்காணிப்பைக் கூட்டுங்கள். குளிர்காலக் கடைசியில் பாம் பீச் பக்கம் ஆயிரக்கணக்கில் கருமுனைச் சுறாக்கள் கூடுவதை விமானத்திலிருந்து எண்ணுகிறார்கள். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், மார்ச் விடுமுறையில் அந்த வீடியோக்கள் சுற்றும். அவை வலசை போகின்றன, அவ்வளவுதான். அத்தனை சுறாக்கள் அத்தனை குளிப்பவர்களுக்கு அருகே இருந்தும் கடிகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கின்றன என்பதை அந்த வீடியோவிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

வாடகை வீடு கால்வாய்க் கரையிலோ உப்பங்கழிக் கரையிலோ இருந்தால் ஒரு எச்சரிக்கை. படகுத் துறையிலிருந்து குதித்துக் குளிக்காதீர்கள். 2000-இல் செயின்ட் பீட் பீச்சில் ஒருவர் அப்படிக் குதித்தபோதுதான் காளைச் சுறா தாக்கி இறந்தார்.

4. சுறாவை மற்ற ஆபத்துகளோடு நிறுத்திப் பாருங்கள்

இந்தப் படிக்காகத்தான் இந்த வழிகாட்டியே. பெற்றோரின் கவனம் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. அதில் பெரும்பகுதியைச் சுறா எடுத்துக்கொண்டால், கொல்கிற விஷயங்களுக்கு மிச்சம் இருக்காது.

வால்டன் கடிகள் 2024 ஜூன் 7 என்றேன். உலகமே பேசிய அந்தச் சம்பவங்களில் மூன்று பேரும் பிழைத்தார்கள். அதே ஜூன் 20-ஆம் தேதி, ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் ஹட்சின்சன் தீவில், ஆறு பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்த ஒரு தம்பதி நீரோட்டத்தில் சிக்கி இறந்தார்கள். மறுநாள், வால்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பனாமா சிட்டி பீச்சில் மூன்று இளைஞர்கள் அதே வகையில் இறந்தார்கள். இரண்டு நாளில் ஐந்து பேர். இவர்களைக் கொன்றது ரிப் கரண்ட் என்னும் இழுநீரோட்டம். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் நீர், மணல்திட்டுகளுக்கு இடையே ஒரு சந்து கண்டுபிடித்து வேகமாகக் கடலுக்குத் திரும்பும் பாதை அது. வினாடிக்கு எட்டு அடி வரை வேகம் போகலாம், ஒலிம்பிக் நீச்சல்காரராலும் எதிர்த்து வர முடியாது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 100 பேர் இதில் இறப்பதாக லைஃப்கார்டுகளின் சங்கம் மதிப்பிடுகிறது. கடற்கரை மீட்புகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் இதனால்தான்.

நம் குடும்பங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். பிள்ளைகள் நீச்சல் வகுப்புக்குப் போயிருப்பார்கள், அப்பா அம்மாவுக்குப் பெரும்பாலும் நீச்சல் தெரியாது. ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டி "கால் நனைச்சிட்டு வரோம்" என்று புடவையும் வேட்டியுமாக முழங்கால் வரை போவார்கள். நனைந்த புடவையின் கனத்தில் ஒரு நடுத்தர அலையே கீழே தள்ளிவிடும். பிள்ளை இழுக்கப்படுவதைப் பார்த்து நீச்சல் தெரியாத அப்பா பின்னால் பாய்வது, இந்த மரணங்களில் திரும்பத் திரும்ப வரும் கதை.

அடுத்தது, முதலில் சொன்ன 'வீட்டுப் பூல்'. அமெரிக்காவில் ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகளின் மரணத்துக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது. அதில் ஃப்ளோரிடா முன்னணியில் இருக்கும் மாநிலம். ஆர்லாண்டோவை அடுத்த கிஸிமி, டேவன்போர்ட் பக்கத்து வாடகை வீடுகளில் பின்கதவைத் திறந்தால் பூல். கதவில் கீச்சிடும் ஒரு அலாரம் இருக்கும். எரிச்சல் தாங்காமல் முதல் நாளே அதை அணைத்துவிடுகிறவர்கள் அதிகம். அணைக்காதீர்கள். சுறாவுக்குப் பயந்து கடலைத் தவிர்த்து, மூன்று வயதுக் குழந்தையைப் பூல் வீட்டில் எட்டுப் பெரியவர்களின் 'பொதுக் கண்காணிப்பில்' விடுவது மோசமான மாற்று. எட்டுப் பேர் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை. அரை மணிக்கு ஒருவர் என்று பேர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள், அந்த அரை மணிக்கு அவர் கையில் போன் கூடாது.

மின்னல்: கோடையில் மத்திய ஃப்ளோரிடாவில் பிற்பகல் இடி கிட்டத்தட்ட தினசரிச் சடங்கு. இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி காத்திருங்கள். கடற்கரைக் குடை தங்குமிடம் ஆகாது.

மணல்குழி: பிள்ளைகள் ஆளுயரக் குழி தோண்டி உள்ளே உட்காருவது வேடிக்கையாகத் தெரியும். 2024 பிப்ரவரியில் லாடர்டேல் பை த சீ கடற்கரையில் அப்படிக் குழி சரிந்து ஏழு வயதுச் சிறுமி இறந்தாள். 1990 முதல் 2006 வரை அமெரிக்காவில் சுறாவால் இறந்தவர்கள் 12 பேர், மணல்குழி சரிந்து இறந்தவர்கள் 16 பேர் என்று ஒரு மருத்துவ இதழில் கணக்கு வெளியானது. முழங்காலுக்குமேல் ஆழமாகத் தோண்ட விடாதீர்கள், கிளம்பும்போது மூடிவிடுங்கள்.

டேடோனாவிலும் நியூ ஸ்மிர்னாவிலும் சில பகுதிகளில் மணல்மேலேயே கார் ஓட்ட அனுமதி உண்டு. வேக வரம்பு மணிக்கு 10 மைல்தான், ஆனாலும் பந்தைத் துரத்தி ஓடும் பிள்ளை அதைப் பார்ப்பதில்லை. கார் விடாத பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

இப்படி வரிசையாக நிறுத்தினால் சுறா எங்கே வருகிறது என்று தெரியும். பட்டியலில் இருக்கிறது, கடைசிப் பக்கமாக.

5. அன்று காலை

கிளம்புமுன் தேசிய வானிலைச் சேவையின் கடலோர முன்னறிவிப்பைப் பாருங்கள். இழுநீரோட்ட அபாயம் குறைவு, மிதம், அதிகம் என்று மூன்றில் ஒன்றைப் போட்டிருப்பார்கள். 'அதிகம்' என்று இருந்தால் அன்றைக்கு மணல், சங்கு பொறுக்குதல், பட்டம் விடுதல். கடல் வேண்டாம். வெயில் அடித்து வானம் நீலமாக இருக்கும் நாளிலும் இது நடக்கும். எங்கோ தூரத்தில் இருக்கும் புயல் கரைக்கு அலையை அனுப்பிக்கொண்டிருக்கும்.

போனதும் கோபுரத்துக் கொடியைப் பாருங்கள். பச்சை என்றால் அபாயம் குறைவு, மஞ்சள் மிதம், சிவப்பு அதிகம், இரட்டைச் சிவப்பு என்றால் நீரில் இறங்கவே கூடாது, மீறினால் பல இடங்களில் அபராதம். ஊதாக் கொடி கடல்வாழ் உயிரினங்களுக்கானது. அதைப் பார்த்ததும் சுறா என்று அலற வேண்டாம், பெரும்பாலும் ஜெல்லி மீனோ திருக்கையோதான். பிறகு லைஃப்கார்டிடம் நேரே போய், இன்று நீர் எப்படி இருக்கிறது, எந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும் என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது அவர்கள் வேலை. வால்டனில் முதல் கடிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அடுத்த கடற்கரையில் என்ன நடந்தது என்று உங்கள் போனுக்குத் தானாக வராது, லைஃப்கார்டின் ரேடியோவுக்கு வர வாய்ப்பு அதிகம்.

பாயை விரித்துவிட்டு உடனே ஓடாமல் பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். அலை உடையாமல் அமைதியாக, கொஞ்சம் இருண்டு, நுரை வெளிப்பக்கமாகப் போகும் பட்டை தெரிந்தால் அது இழுநீரோட்டம். குழந்தைகளுக்கு ஏற்ற அமைதியான இடம் என்று பலர் போய் நிற்பதும் அங்கேதான். பறவைகள் ஒரே இடத்தில் மேலிருந்து பாய்ந்து விழுந்துகொண்டிருந்தால், நீர்மட்டத்தில் சின்ன மீன்கள் துள்ளினால், கீழே பெரியது ஏதோ துரத்துகிறது. அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். டால்பின் தெரிந்தால் சுறா இருக்காது என்ற நம்பிக்கை பொய். இரண்டும் தின்பது ஒரே மீனைத்தான்.

6. நீரில் இருக்கும்போது

விடியலிலும் பொழுது சாயும்போதும் குளிக்க வேண்டாம். சுறா இரை தேடும் நேரம், வெளிச்சமும் போதாது, லைஃப்கார்டும் இருக்க மாட்டார். காலை பத்திலிருந்து மாலை நான்கைந்து மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு நீர் கலங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

நகை விஷயம் நம் வீடுகளுக்காகவே சொல்ல வேண்டும். வெயிலில் மின்னும் கொலுசு, வளையல், செயின் எல்லாம் நீருக்கடியில் மீன் செதில்போல் பளிச்சிடும். முக்கியமாகக் குழந்தையின் வெள்ளிக் கொலுசு, ஏனென்றால் இங்கே கடி விழுவது கால்களில்தான். பாட்டி முகம் சுளித்தாலும் கழற்றிப் பையில் போடுங்கள். கடுமையான நிறவேறுபாடு கொண்ட நீச்சலுடையையும் தவிர்க்கச் சொல்கிறார்கள், சுறாவின் கண் நிறத்தைவிட மாறுபாட்டை நன்றாகக் கவனிக்கும்.

கும்பலாகவே இருங்கள், தனியே தூரம் போகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். இடுப்பளவுக்குமேல் பிள்ளைகளை விட வேண்டாம், வெளியே தெரியும் இரண்டாவது மணல்திட்டுவரை நடந்துபோகும் ஆசையும் வேண்டாம். திட்டுகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் மீனும் சுறாவும் போகும், நீரோட்டமும் அங்கேதான். நீச்சல் தெரியாத பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கீகரித்த உயிர்காப்பு ஜாக்கெட். கையில் மாட்டும் காற்றடைத்த பொம்மைகளை நம்ப வேண்டாம்.

நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள். புதைந்திருக்கும் திருக்கை அதிர்வு உணர்ந்து விலகிவிடும். மிதித்தால் வாலால் குத்தும். குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைப்பது முதல் உதவி.

இழுநீரோட்டத்தில் சிக்கினால்: எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்தபடி இருங்கள், கையை ஆட்டி உதவி கேளுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். கரையில் இருப்பவர் உள்ளே பாயாமல் மிதக்கும் எதையாவது எறிய வேண்டும், லைஃப்கார்டைக் கூப்பிட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் முந்தின இரவு எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள், தாத்தா உட்பட.

குழந்தைகளிடம் சுறாவைப் பற்றி மறைக்க வேண்டாம். கடலில் சுறா இருக்கிறது, அது நம்மைத் தேடி வரவில்லை, மீனைத் தேடி வருகிறது, மீன் துள்ளுகிற இடத்தில் நாம் நிற்க மாட்டோம். ஆறு வயதுக் குழந்தைக்கு இது போதும். மீன் துள்ளுகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையை அவர்களிடமே கொடுத்தால் பயம் விளையாட்டாகிவிடும்.

7. வாங்க வேண்டியது, வாங்க வேண்டாதது

கடற்கரைக் கடைகளில் சுறாவை விரட்டும் என்று காந்த வளையல் விற்பார்கள். 2018-இல் ஆஸ்திரேலியாவில் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகக் குழு வெள்ளைச் சுறாக்களிடம் பல கருவிகளைச் சோதித்தது. மின்புலம் உண்டாக்கும் ஒரு கருவி மட்டும், சுறா இரையைக் கவ்வும் அளவை 96 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைத்தது. காந்தம், வாசனை வகைகளால் சொல்லும்படி பலன் இல்லை. அந்த மின்கருவியும் நடுக்கடலில் முக்குளிப்பவருக்கும் சறுக்கு வீரருக்கும்தான், முழங்கால் நீரில் நிற்கும் குடும்பத்துக்கு அல்ல. அந்தப் பணத்தில் ஒரு நல்ல டூர்னிகே, அதாவது ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை, வாங்கிக் காரில் போடுங்கள். சாலை விபத்துக்கும் உதவும்.

8. கடித்துவிட்டால்

சுறா பிடித்துக்கொண்டிருந்தால் மூக்கு, கண், செவுள் ஆகிய இடங்களில் பலமாகக் குத்துங்கள். விட்டதும் வெளியேறுங்கள், அது திரும்பி வரக் காத்திருக்க வேண்டாம். பெரிய காயத்தில் உயிரை எடுப்பது ரத்த இழப்புதான், அதுவும் சில நிமிடங்களில். ஒருவர் 911 அழைக்கட்டும், ஒருவர் லைஃப்கார்டிடம் ஓடட்டும், ஒருவர் துண்டை மடித்துக் காயத்தின்மேல் முழு உடல் எடையையும் வைத்து அழுத்தட்டும். கையிலோ காலிலோ ரத்தம் நிற்காமல் பாய்ந்தால், காயத்துக்கு மேலே, உடம்பை நோக்கிய பக்கத்தில், இரண்டு மூன்று அங்குலம் தள்ளி டூர்னிகேவைக் கட்டி, ரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள். மூட்டின்மேல் கட்டக் கூடாது. வலியில் கத்துவார்கள், அதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள், அவிழ்ப்பது மருத்துவமனையின் வேலை.

சிறிய கடி என்றாலும் சுத்தமான நீரில் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வெளியே சின்னதாகத் தெரியும் காயத்துக்குள் நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம், பல் துண்டு உள்ளே இருக்கலாம். வெப்பமான கடல்நீரில் விப்ரியோ என்னும் பாக்டீரியா உண்டு, கடல்நீரில் பட்ட காயம் என்று சொன்னால்தான் மருத்துவர் அதற்கேற்ற ஆன்டிபயாட்டிக் தருவார். ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு எடுத்த பயணக் காப்பீட்டின் அட்டையைப் படம் எடுத்து எல்லோர் போனிலும் வைத்திருங்கள். அவசரப் பிரிவின் முதல் மேசையில் அதைத்தான் கேட்பார்கள்.